அயர்லாந்து மாளிகைக்கு ஒரு பொட்டு

நான் அயர்லாந்துக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கே கிராமப்புறத்தில் இருந்த ஒரு மாளிகையின் முகப்பில் எத்தனை ஜன்னல்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புனேயின் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே அதன் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம். ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி கேப் நகராத நேரமெல்லாம் இணையத்தில் தேடி, அதே மாளிகையின் பழைய அட்டைகளாகச் சேர்த்தேன். எல்லாமே மாளிகையின் முன்பக்கம். பின்பக்கம் மட்டும் சிக்கவில்லை. மாளிகையோ எப்போதோ எரிந்துபோனது, நேரில் போயும் பார்க்க முடியாது.

அந்தப் பின்பக்க அட்டை அயர்லாந்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் இருந்தது. என்னிடமிருந்த பனிக்கால அட்டைக்குப் பதிலாக அதைத் தருகிறேன் என்று அவர் எழுதியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புனே சாங்வியில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் தட்டாமாலை சுற்றினேன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. குளித்துவிட்டு வந்தால், சாமி முன்னால் என் லேப்டாப், அதன்மேல் என் அட்டைகள். பனி மூடிய மாளிகையின் வாசலுக்கு நேர் மேலே சந்தனம், நடுவில் குங்குமம்.

"அம்மா, இதுக்கு எதுக்குப் பொட்டு வச்ச?"

"படிக்கிற காயிதத்த சாமிக்கு வைக்காண்டாமா? நீ பொழுதன்னிக்கும் அதத்தானட்டி படிக்க."

எடுக்கப் போன கையைத் தட்டிவிட்டாள். விஜயதசமி பூஜை முடியும்வரை தொடக்கூடாதாம். எனக்கு அழுகை வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்த மாளிகையைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது.

மறுநாள் சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் போகவில்லை. படமெடுத்து ஆசிரியைக்கு அனுப்பி, நடந்ததைச் சொல்லி, இனி இது உங்களுக்கு உதவாது என்று எழுதினேன். பொட்டோடு அப்படியே அனுப்பு என்று பதில் வந்தது.

சில வாரங்களில் பின்பக்கம் வந்து சேர்ந்தது. கிணற்றடி, கொடியில் துணி, சுவரில் ஒரு பூனை. மறுபடி தட்டாமாலை சுற்றினேன். உறைக்குள் இன்னொரு படமும் இருந்தது. மாளிகையின் சமையலறை வாசலில் பணிப்பெண்கள் நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் தன் அம்மா என்றும், அவருக்கும் ஒரு பொட்டு வைத்துத் திருப்பி அனுப்ப முடியுமா என்றும் ஆசிரியை கேட்டிருந்தார்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். படத்தை வாங்கி அந்த முகத்தையே பார்த்தாள்.

"இரு, கைய கழுவிட்டு வாரேன்" என்றாள்.