மிச்சப் பால்

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தாய்ப்பாலில் உலோகத் துகள் கலக்கிறதா என்று பார்க்கும் ஓர் ஆய்வுக்குச் சம்மதித்தேன். களமசேரிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஐஸ் பெட்டியோடு வந்து, சிறு குப்பியில் பால் வாங்கிப் போனாள்.

"பால் வியாபாரம் ஆரம்பிச்சாச்சா?" என்றார் கணவர்.

பாலக்காட்டிலிருந்து அம்மா போனில் வேறு மாதிரி கேட்டாள். "சோதிச்சது போக மிச்சத்தை என்னடி பண்ணுவாங்க? சாக்கடைல ஊத்தினா உனக்குப் பால் வத்திடும்."

பீய்ச்சிய பாலைக் கால் படாத இடத்தில், செடியடியில்தான் ஊற்றுவது எங்கள் வழக்கம். நான் வேதியியல் படித்தவள். பால் அப்படியெல்லாம் வற்றாது என்று தெரியும். தெரிந்தும், மகள் அழும்போதெல்லாம் மார்பை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். குறைந்துவிட்டது போலவே இருந்தது. ஆய்விலிருந்து விலகிவிடலாமா? சொல்லாமல் விலகுவது முறையா?

அடுத்த முறை அந்தப் பெண் வந்ததும், கூச்சத்தோடு வழக்கத்தைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்:

"எரிச்சிடுவோம் சேச்சி. ஆஸ்பத்திரிக் கழிவோட சேர்த்து."

சாக்கடையைவிட அது மோசமாகப் பட்டது. செடிக்கு ஊற்றுவோம் என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

"வேண்டாம்னு தோணினா இப்பவே நிறுத்திக்கலாம். கொடுத்ததையும் சோதிக்க மாட்டோம். இல்லேன்னா, மிச்சத்தைத் திருப்பித் தர முடியுமான்னு எனக்கு அறியில்ல. சார்கிட்ட கேட்டுட்டு விளிக்கிறேன்" என்றாள்.

போன் வந்தது. வளாகத்தில் ஆய்வு நெறிமுறைகளைக் கவனிக்கும் ஒரு குழு கூடிப் பேசி அனுமதித்ததாம். ஒரு மழை நாளில் அவளே வந்தாள். பெட்டிக்குள் என் குப்பி.

"சேச்சியோடதுதான். நம்பரை ஒத்துப் பார்த்துட்டேன்."

ஒரு கரண்டிகூட இராது. இதற்காகவா முகம் தெரியாத அத்தனை பேர் உட்கார்ந்து பேசினார்கள்? குப்பியை எடுத்துக்கொண்டு அவளோடு மாடிக்குப் போனேன். அங்கே கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். நான் சொல்லாமலே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த தரையில் என் பக்கத்தில் நின்றாள்.

பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கீழே வந்து கை கழுவிக்கொண்டு, அவளிடம் புதுக் குப்பி ஒன்றை நானே கேட்டு வாங்கினேன்.