கற்பூர மரத்தடியில் அறுபது பிகோனியா

பெரிய மரத்தடியில் பூச்செடி நடுவது பூ வேலை அல்ல, வேர் வேலை. நட்டுப் பார்த்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வட்டவளைக்கு மேலே, ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய தொரை பங்களாவில் எனக்குப் பூந்தோட்ட வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் எதையும் எண்ணாமல் விடமாட்டேன். முற்றத்து ஓரத்தில் ஒரு கற்பூர மரம். மூன்று பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அதன் கீழே சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஆறு வீட்டு லயம். மூன்றாவது வீட்டில் என் மகள் இருக்கிறாள். மரம் சாய்ந்தால் அந்தக் கூரைமேல்தான் சாயும்.

அந்த மரத்தடியில் அறுபது பிகோனியா வைக்கச் சொன்னார்கள்.

ஒன்றரை அடிக் குழி

அந்த மரத்துக்கு வேர் மேலாகவே ஓடும். சின்னக் கரண்டியால் தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குத் தோண்ட வேண்டும். வேர் தட்டுப்பட்டால் மூடிவிட்டு அரைச் சாண் தள்ளிப் போக வேண்டும். உதவிக்குத் தேயிலை மலையிலிருந்து பெருமாளையும் இரண்டு பெண்களையும் அனுப்பியிருந்தார்கள். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. செடியைக் காட்டினேன், இடத்தைக் காட்டினேன், தண்ணீர்க் குழாயை இழுத்துவரப் போய்விட்டேன்.

வந்து பார்த்தேன். கயிறு பிடித்து, வரிசை போட்டு, தேயிலைக் கன்றுக்கு வெட்டுவதுபோல அலவாங்குக் கடப்பாரையால் ஒன்றரை அடிக் குழி வெட்டியிருந்தார்கள். எண்ணினேன். நாற்பத்திரண்டு குழி. அத்தனையும் மேட்டுப்பக்கம், சரிவில் நிற்கிற மரத்தை இழுத்துப் பிடித்திருக்கிற பக்கம். அறுந்த வேர்களில் பெருவிரல் தடிமனில் இருபத்தேழு, மணிக்கட்டுத் தடிமனில் ஒன்பது. வெட்டிய இடமெல்லாம் கற்பூர வாசனை. குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பெருமாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“என்னா மாமா, ஒக்காந்துட்டீங்க? குச்சிய விட்டு அளந்து பாருங்க. ஒரு குழி கொறஞ்சாலும் எனக்கு இன்னைக்குப் பேரு போடாதீங்க, சம்பளமே வேணாம்!”

மரத்துக்கு மூச்சு

குழிகளை அதே மண்ணால் மெதுவாக மூடி, செடிகளை நானே வேருக்கு வேர் இடைவெளி பார்த்து நட்டேன். ஒரு மாதம் கழித்து, நான் லீவில் இருந்த நாளில், மேனேஜர் இரண்டு டிராக்டர் மண் இறக்கியிருந்தார். ஹோட்டலில் கல்யாணம் வைக்கிறவர்கள் எடுக்கிற படத்தில் வேர் அசிங்கமாகத் தெரியுமாம். செடிகளை விட்டு, அடிமரத்தைச் சுற்றி மட்டும் என் முழங்கால் உயரத்துக்கு மண். தோல் புழுங்கி அழுகிவிடுமே என்று பதறிப்போனேன். அவர் கொழும்புப் பையன், கெட்டவர் இல்லை. “சேர்” என்பதற்கு மேல் அவரிடம் ஒரு சொல் பேசியிராத நான், அன்று துணிந்து, “சேர், மரம் மூச்சு முட்டிச் செத்துரும்” என்றேன்.

“மூச்சா? மரத்துக்கு மூச்சு எலையிலதானே ஐயா! ஸ்கூல்ல அந்தப் பாடம் நடத்தின அன்னைக்கு நீங்க போகலையா?”

ஆறு கதவுகள்

விருந்தாளிகள் எழும்புமுன் தினமும் அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடையில் அள்ளித் தூரத்தில் கொட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு கூடை. மழையில் கரைந்துவிட்டதாக மேனேஜர் நினைத்துக்கொண்டார். கடைசிக் கூடை அள்ளிய வெள்ளிக்கிழமை காலையில்தான் அதைக் கண்டேன். மேட்டுப்பக்கம் மண்ணில் வெடிப்பு, ஏழு காலடி நீளம். காலையில் ஒரு விரல் நுழைந்தது. மத்தியானம் இரண்டு விரல் நுழைந்தது. மழை விடவில்லை. மேனேஜரிடம் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடவே கூச்சப்படுகிறவன் நான். அன்று ஆறு கதவையும் தட்டினேன். பெரியவர் சிறியவர் இருபத்து மூன்று பேர். பாய், பானையோடு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்துக்குப் போகச் சொன்னேன். முதல் இரண்டு வீட்டிலும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“மரத்தடியில பூ வச்சதும் நீங்க, இப்ப வீட்ட விட்டு ஓடுன்னு சொல்றதும் நீங்களாப்பா?”

சனிக்கிழமை

பகல் பன்னிரண்டு மணிக்கு மரம் சாய்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈரத் துணியைக் கிழித்தது போலத்தான் இருந்தது. மூன்றாம் வீட்டுக் கூரையும் நான்காம் வீட்டுக் கூரையும் தரையோடு தரை. மகள் சோறு பொங்குகிற இடத்தில் ஆள் தடிமனுக்கு ஒரு கிளை. சிரித்தவர்களும் இரவே போய்ச் சேர்ந்திருந்த மடுவத்துக்கு ஓடிப்போய் எண்ணினேன், இருபத்து மூன்று. நம்பாமல் திரும்ப எண்ணினேன், இருபத்து மூன்று. மழை சாய்த்ததா, குழி சாய்த்ததா என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. மேட்டுப்பக்கம் பிடிப்பதற்கு வேர் இல்லை என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

குடையோடு வந்த மேனேஜர் வெளிறிப்போய் நின்றார். வேர்த்தட்டு சுவர்போல நிமிர்ந்து நின்றது. அதில் என் பிகோனியா, பூத்தபடி. அவருக்கும் அதிர்ச்சிதான், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல்தான் பேசியிருப்பார்.

“ஐயா, செடி ஒண்ணுகூட விழலையே! எவ்வளவு நல்லா நட்டிருக்கீங்க!”

மரத்தை அறுத்து ஏற்றி, கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. அந்த இடத்தில் இப்போது நிழலே இல்லாததால், வெயிலில் பூக்கிற செடியாகப் பார்த்து அறுபது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.