ஓரத்தில் இருந்து பார்த்த தொலைக்காட்சி

எந்தத் தரப்பைக் கொடுத்தாலும் வென்று காட்டுவேன் என்ற பெருமிதம், பட்டிமன்றப் பேச்சாளனான எனக்கு எப்போதும் உண்டு. பொன்னேரிக் கடையில் இரண்டு பெரிய தொலைக்காட்சிகளின் முன் நின்றபோதும் அதுவே பேசியது. விலை குறைந்ததில் கறுப்பு நிறம் சற்றுச் சாம்பல் பூத்திருந்தது. விலை கூடியதில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. படத்தின் தரமே முதன்மை என்று வாதாடினேன்.

"மைக்கு இல்லாமலே இம்மாம் பேச்சா?" என்று சிரித்த நைனா, விலை கூடியதற்கே தலையசைத்தார்.

அம்மா மட்டும் தள்ளிச் சுவரோரமாக நின்றிருந்தார்.

"ஏம்மா அங்க நிக்கிற? நேரா வந்து பாரு."

"வூட்ல நான் எங்க நேரா பாக்கறேன்? இப்டி ஓரமாதான."

உண்மைதான். கோட்டைக்குப்பத்து வீட்டில் அம்மா பின்வாசலருகே இறால் உரித்தபடியே நாடகம் பார்ப்பார். அங்கிருந்து என்னதான் தெரியும் என்ற ஆவலில் அவர் அருகே போய் நின்றேன். நான் பரிந்து வாதாடிய விலை கூடியதில் முகங்கள் வெளுத்திருந்தன. விலை குறைந்ததில் நிறம் மாறவேயில்லை.

"நைனா, அதுவே போதும்" என்றேன்.

"இன்னாடா, அதுக்குள்ள கட்சி மாறிட்ட?"

விலை குறைந்ததே வீட்டுக்கு வந்தது. அன்று மாலை, இறால் கூடையோடு அமர்ந்த அம்மா வியந்தார்: "நாடகப் பாட்டுல வர்ற பொடவ பச்சையா? இத்தினி நாளா சாம்பல்னு இல்ல நெனச்சேன்."

எதிர்த்தரப்பின் இடத்தில் நின்று யோசிப்பவன் என்று மேடைதோறும் என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பின்வாசலருகே ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை.