பத்து நாள் என்று எழுதிய சீட்டு

“நீ சொன்ன நாள்ல சரியாகலேன்னா அப்ப என்ன செய்வ தாயி?”

கூடலூரிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர், அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டது இது. நான் சிரித்தேன். “ஆயிரும்க்கா, பாருங்க.”

தேனியில் ஒரு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட். சுளுக்கு, விழுந்த வீக்கம் என்று வருகிறவர்களை, மருத்துவர் பார்த்த பிறகு என்னிடம் அனுப்புவார்கள். அழுத்திப் பார்த்து, நடக்க வைத்துப் பார்த்து, எத்தனை நாளில் சரியாகும் என்று நான் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். என் கையெழுத்தில் ஓர் எண், அதன் கீழே என் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம். எழுதும் ஒவ்வொரு முறையும் பெருமையாகத்தான் இருக்கும். சொன்ன நாள் கழிந்து யாரும் குறையோடு திரும்பி வந்ததில்லை. அதனால் என் கணிப்பு தப்பாது என்று நம்பியிருந்தேன்.

அக்காவுக்குக் கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலி இல்லை. நாலு எட்டு நடந்து காட்டினார். லேசான சுளுக்குதான். பத்து நாள் என்று எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு பெண்கள் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அதே கால். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. எக்ஸ்ரேயில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினேன்.

“எப்படிக்கா?”

“ஏலக்காட்டுச் சரிவுல கால் மடங்கிருச்சு.”

“வலியோட காட்டுக்கு ஏன் போனீங்க?”

“நீ பத்து நாள்னு போட்டிருந்தியே.” பாலிதீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த என் சீட்டை எடுத்து நீட்டினார். “எங்கள வேலைக்குக் கூட்டிப்போற கங்காணி இதத்தான் வாங்கிப் பாத்தாக. பதினோராம் நாள் ஜீப்புல ஏறலேன்னா ஒன் எடத்துல வேற ஆள ஏத்திருவேன்னு சொன்னாக.”

விடியற்காலையில் கூடலூரில் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்த ஜீப்பில் என் சீட்டுதான் விடுப்புக் கடிதம் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நடக்க வலிக்காத நாளை நான் எழுதினேன். கங்காணி அதை வேலைக்குத் திரும்பும் நாளாக எடுத்துக்கொண்டார். அக்காவிடம் என்ன வேலை என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நடந்து காட்டிய நாலு எட்டும் வழுவழுப்பான டைல்ஸ் தரையில்.

அதோடு முடியவில்லை. தாங்கி வந்தவர்களில் ஒருவர் தன் வலது மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். “என்னயத் தெரியலையா? எனக்கு மூணு வாரம்னு போட்ட. மூணு மாசமாச்சு. இன்னும் கூடையத் தூக்குனா விண்ணு விண்ணுங்குது.”

“அப்ப ஏங்க்கா திரும்பி வரல?”

“வந்து? படிச்ச புள்ள சரியாயிரும்னு எழுதிட்டா. என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு இருந்துட்டேன்.” பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “எங்க ஜீப்புல வர்றவுக கையில மட்டும் நீ எழுதுன சீட்டு நாலு கெடக்கு.”

திரும்பி வராதவர்களை எல்லாம் குணமானவர்கள் என்று கணக்கில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். அவர்களோ என் எழுத்தை நம்பி, தங்கள் உடம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். காலைவிட ஜீப்பில் தன் இடம் போய்விடும் என்பதுதான் அவருக்குக் கவலை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “இந்தத் தடவ எத்தன நாள் போடப் போற?” என்று அமைதியாகக் கேட்டார். நாள் எதுவும் போடாமல் முறிவை மட்டும் எழுதி, சீட்டை நானே வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த என் விடுமுறை நாளில் முதல் பஸ்ஸில் கூடலூர் போனேன். அக்கா வேலைக்குப் போகும் ஜீப்பின் பக்கத்தில் கங்காணி டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எழுதிய புதுச் சீட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாளே போடலையே தாயி. இத வச்சு நான் என்ன செய்ய?”

“கட்டுப் பிரிச்சதும் நான் பாத்துட்டு எழுதித் தாரேன். அதுவரைக்கும் அவங்க எடம் இருக்கட்டும்ணே. தப்பு என்னுது.”

“சரிவுல நிக்க முடியுமா முடியாதான்னு தேனில உக்காந்துக்கிட்டு நீ எப்படிச் சொல்லுவ?”

அதுவும் நியாயம்தான். ஜீப்பின் பின் சீட்டில் அக்காவின் இடம் காலியாக இருந்தது. அன்று ஒரு நாளைக்கு அதில் வந்து அந்தச் சரிவை நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.