மலையை இடப்பக்கம் வைத்து நடந்தவர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும் நேரத்தில், சூப்பரிண்டெண்ட் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் மேஜைகளின் பக்கம் வருவார். வேங்கிக்காலில் இருந்த எங்கள் ஆபீஸில் அவராக யாரையும் தேடி வருவது வாரத்தில் அந்த ஒரு முறைதான். வேலை விஷயம் என்றால் நாங்கள்தான் போய் அவர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு மனுஷியாக இருப்பார். "ஞாயித்துக்கிழம காத்தால வந்துடுங்க. குடும்பத்தோட வரணும். தனியா வந்தா சேத்துக்க மாட்டேன்" என்பார். எங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தனித்தனியாக விசாரிப்பார். இதைச் சொல்கிறவருக்குக் குடும்பம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெற்றவர்களும் போய்விட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடை கிரிவலம் இல்லை. பௌர்ணமிக் கூட்டம், நேர்த்திக்கடன், வெறுங்கால் என்று எதுவும் அதில் சேராது. மலையின் தெற்கே தொடங்கி, மலையடிவாரக் காட்டுக்குள் போகும் உள்பாதை வழியாக அடி அண்ணாமலை வரை பிள்ளைகளோடு நடப்பது, அங்கே டீ குடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவது, அவ்வளவுதான். ஏற்றம் அதிகம் இல்லாத பாதை. சீத்தாப்பழச் செடிகளும் முள்ளும் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும், மயில் கத்தும், மழை பெய்த வாரங்களில் பாறைச் சரிவிலிருந்து தண்ணீர் கசிந்து குட்டையில் சேரும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். நடப்பதையும் ஒரு பொழுதுபோக்கு என்று ஆட்கள் செய்வார்களா என்று முதல் வாரம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் வாரா வாரம் எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். புளிசோறும் வேகவைத்த வேர்க்கடலையும் தூக்கு வாளியில் இருக்கும்போது யார்தான் வரமாட்டார்கள்.

நடக்கும்போது ஆண்கள் முன்னால் அரசியல் பேசிக்கொண்டு போவார்கள். பெண்கள் நாங்கள் மாமியார் கதைகளோடு நடுவில். பிள்ளைகள் எல்லாப் பக்கமும். மேடம் கடைசியில் வருவார். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பார். அவரோடு சேர்ந்து நடக்க யாரும் பின்தங்கியதாக எனக்கு நினைவில்லை. அவரவர் குடும்பம் அவரவருக்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலை டீக்கடையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் என் மகள் இல்லை என்று தெரிந்தது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. அப்பாவோடு முன்னால் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன், அம்மாவோடு பின்னால் வருகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். எல்லோரும் எழுந்து ஓடினார்கள். எங்கே ஓடினார்கள் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை பேரும் முன்பக்கமாக, இன்னும் நாங்கள் போகவே போகாத பாதையில் ஓடினார்கள். இந்த ஊரில் மலை எப்போதும் வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக நடந்து பழக்கமே இல்லை. பிள்ளை தொலைந்த நேரத்திலும் எங்கள் கால்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "பயப்படாதம்மா, ஒரு சுத்து சுத்தி வந்தா எப்படியும் ஆப்டுடுவா" என்று ஹெட் கிளார்க் எனக்குத் தைரியம் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.

மேடம் மட்டும் திரும்பி, வந்த வழியே நடந்தார். "மேடம், மேடம், அந்தப் பக்கமா போவக் கூடாது!" என்று ஹெட் கிளார்க்கின் மனைவி கத்தியது என் காதில் விழுந்தது. அவர் நிற்கவில்லை.

ஓடிக் களைத்து, எதிரில் வந்த பஸ்ஸில் ஏறி நாங்கள் டீக்கடைக்கே திரும்பி வந்தபோது, காட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். மேடத்தின் புடவை முள்ளில் கிழிந்திருந்தது. என் மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள், வாயைச் சுற்றி சீத்தாப்பழம் ஒட்டியிருந்தது. புதருக்குப் பின்னால் பழம் பொறுக்கப் போயிருக்கிறாள், கடைசியாக வந்த மேடமும் கவனிக்காமல் தாண்டி வந்துவிட்டார். "அடிக்காதீங்க. அழவே இல்ல அவ. யாராவது வருவாங்கன்னு பாறை மேல உக்காந்துனு இருந்தா. பாருங்க, என் கைய விடவே மாட்டேங்குறா" என்றார். அன்றைக்கு மேடத்தின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் கையைப் பிரித்து எடுத்த பிறகு, மேடம் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல மேஜை மேஜையாக வந்தார். ஒருவர் வீட்டில் பரீட்சை, ஒருவர் வீட்டில் விருந்தாளி, ஒருவருக்கு நிலத்தில் மல்லாட்டை பிடுங்க ஆள் வருகிறது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அந்த வருஷம் அது மாதக்கணக்கில் பிடுங்கப்பட்டது. என் வீட்டுக்காரர் வெளிப்படையாகவே சொன்னார். "புள்ளைய காப்பாத்துனது அவங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா காட்டுக்குள்ள கூட்டினு போனதும் அவங்கதானே?" நான் மட்டும் இரண்டு மூன்று வாரம் போனேன். இரண்டே பேர் நடக்கும்போதும் அவர் பழக்கத்தில் எனக்குப் பின்னால்தான் வந்தார். நான் நின்றால் அவரும் நிற்பார். பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார், என்னாலும் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மேடம் எங்கள் பக்கம் வரவே இல்லை. மேஜை இழுப்பறையை வெகுநேரம் பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் ஆபீஸ் உதவியாளர் ஒரு திங்கட்கிழமை என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம் எங்க ஊரு ரோட்ல எதிர்ல வர்றாங்கம்மா. மலைய இடப்பக்கம் வச்சிகினு. இப்டி வரக் கூடாதுங்கன்னு சொன்னேன். நின்னு, ஊட்ல எல்லாம் சௌக்கியமான்னு கேட்டுட்டு, சிரிச்சினே போறாங்க." ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும் அப்படித்தான் என்று பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். மூளை கலங்கிவிட்டது என்றார்கள். பாவம், பிள்ளை தொலைந்த அதிர்ச்சி இன்னும் அவரைவிட்டுப் போகவில்லை, தேடிக்கொண்டே இருக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. ரிட்டயர் ஆனதும் வேலூரில் அண்ணன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே இறந்துபோனார் என்று காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். என் வீட்டுக்காரர் இல்லை. மகள் புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து, "வீட்லயே அடைஞ்சி கெடக்காதம்மா, வாக்கிங் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவளுக்கு சீத்தாப்பழம்தான் ஞாபகம் இருக்கிறது, பாறையும் மேடமும் இல்லை. வாக்கிங் போகிறேன். உள்பாதையில் இப்போது விடுவதில்லை. தார் ரோட்டில், அதன் ஓரம் போட்டிருக்கும் நடைபாதையில், ஊரோடு ஊராக நடக்கிறேன். பௌர்ணமி இல்லாத நாளிலும் கூட்டம்தான், எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அத்தனை பேரும் ஒரே பக்கமாகப் போகிறோம். எனக்கு முன்னால் போகிறவர்களின் முதுகு எனக்கு, என் முதுகு பின்னால் வருகிறவர்களுக்கு. வீட்டில் தனியாக இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டு வருவதை என்னால் தாங்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடக்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே முட்டி பிடித்துக்கொண்டது. ஆட்டோக்கள் நிற்கிற இடம் பின்னால்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் திரும்பி நடந்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒரு பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, இப்டி எதிர்ல வரக் கூடாதும்மா." முட்டி வலி என்று சொன்னேன். தைலத்தின் பெயர் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து ஒரு இளம் தம்பதி. "ஆன்ட்டி, ரூட்டு மாறிப் போறீங்க." பிறகு தெலுங்கு பேசும் கூட்டம் ஒன்று கைஜாடையிலேயே என்னைத் திருப்பிவிடப் பார்த்தது. ஒரு குழந்தை, "இந்தப் பாட்டி தப்பா போறாங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தது. அதன் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டு, எந்தத் தெரு, பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் விசாரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. ஒரே காலையில் இத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், மேடம் அந்தப் பாதையில் யாரையும் தேடிக்கொண்டிருக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. "எங்கம்மா போவணும்?" என்று டிரைவர் மறுபடி மறுபடி கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேங்கிக்காலில் என் வீடு இருக்கும் தெருவைச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டி வலி இல்லை. பாதி தூரம் நல்லபடியாக எல்லோரோடும் நடந்தேன். பிறகு நின்று, திரும்பி, மலையை இடப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினேன். முதலில் எதிர்ப்பட்ட அம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "என்னாம்மா, வழி தெரியலயா?" என்றார்.

"தெரியும்மா" என்றேன். "உங்க ஊட்ல எல்லாம் சௌக்கியமா?"