விஷ அலமாரியில் இருந்த புகையிலை

பீடி, சுருட்டு, சிகரெட் எதையும் நான் தொட்டதில்லை. அதில் எனக்கு அசாத்தியத் தற்பெருமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கையில் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்தேன். மருந்து கலக்கிக் கொடுக்கிறவன்தான். தோட்டத்து மக்கள் வாயில் மட்டும் "டாக்டர் ஐயா". சுருட்டுப் பிடித்து இருமிக்கொண்டு வருகிறவர்களை வெளுத்து வாங்குவேன். அவர்கள் படியிறங்குவதற்குள் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொள்வேன். புகை இல்லை, அதனால் கெடுதலும் இல்லை என்பது என் ஞானம்.

ஒருநாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, காரம் பட்டால் வாய் எரிகிறது என்று வந்தாள். நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லாதவள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்புறம், புகையிலையை ஒதுக்கும் இடத்தில், பாலாடை படிந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. மாதம் ஒருமுறை வரும் பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். இப்போதே புகையிலையை நிறுத்தினால் மறையக்கூடும், இல்லாவிட்டால் புற்றாக மாறலாம் என்றார்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"பொயலய விட்டா மலையில எப்படிங்க நிக்கிறது? பசிக்கும் அதுதான், அட்டைக்கும் அதுதான்."

பொய்யில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்ததும் வாயில் அடக்கினால், மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வரை வயிறு சத்தம் போடாது. காலில் அட்டை ஏறினால் அந்த எச்சிலைத் துப்பினால் போதும், சுருண்டு விழும். நான் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பிரசங்கம் செய்தேன். அவள் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மூக்குல போடுறீங்க, நா வாயில போடுறேன். ரெண்டும் ஒரே எலதானுங்களே ஐயா?"

எனக்குச் சுருக்கென்றது. வீறாப்பில், "சரி, நீ விடு, நானும் விடுறேன்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

அவள் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஏங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காதுங்க. நீங்க வச்சிருங்க. ஒங்க டப்பாவ நா வச்சிருக்கேன்." பொட்டலத்தை விஷ மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். என் பொடி டப்பா தொழிலாளர் வரிசை வீடான அவளுடைய லயத்துக்குப் போயிற்று.

அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அட்டைக்கென்று உப்பு கொடுத்தேன், மழையில் கரைந்தது. கார்பாலிக் சவர்க்காரத்தைக் காலில் தேய்க்கச் சொன்னேன். கால் முழுக்க இரத்தக் கோடுகளோடு வருவாள். கை நடுங்குகிறது, பசி பிடுங்குகிறது என்பாள். ஆனால் வாயில் போடவில்லை.

என் பாடு வேறு. மண்டைக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல் இருந்தது. காய்ச்சல் மருந்தை அளக்கும்போது அளவு மறந்து நிற்பேன். பிள்ளையோடு வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். பொடி கேட்டு யாரிடமும் வாயைத் திறக்க முடியாது; தோட்டத்தில் ஒரு லயத்தில் தும்மினால் அடுத்த லயத்தில் ஆயுசு நூறு என்பார்கள். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, ஆளில்லாத மத்தியான நேரத்தில், அலமாரியைத் திறந்தேன். ஓர் இலைத்துணுக்கை ஸ்பிரிட் விளக்கில் வாட்டி, மருந்து அரைக்கும் கல்வத்தில் பொடித்து உறிஞ்சினேன். கண்ணில் நீர் வந்தது. அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

ஒரு துணுக்குத்தான் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். டவுனுக்குப் போகும்போது புது இலை வாங்கி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

நான் டவுனுக்குப் போவதற்கு முன் அவள் வந்துவிட்டாள். வாயைத் திறந்து காட்டினாள். வெள்ளை உண்மையாகவே சுருங்கியிருந்தது. சொன்னதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பொட்டலத்த எடுங்க ஐயா. ஒங்க கையாலயே அடுப்புல போட்டுருங்க."

"சாவியைக் காணோம்" என்றேன்.

"இடுப்புல தொங்குதுங்களே."

திறந்தேன். காகிதத்தில் காம்புகள் மட்டும் கிடந்தன. அவள் காகிதத்தைப் பார்த்தாள், கல்வத்தைப் பார்த்தாள், கடைசியில் என் மூக்கைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மஞ்சள் துணியில் முடிந்து என் டப்பாவைக் கொண்டுவந்தாள். ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. அவளுடைய இடது கன்னம் புகையிலை அடக்கி உப்பியிருந்தது.

"படிச்ச ஒங்களாலயே முடியலீங்க. நா மலையேறுற பொம்பள."

அவளைத் தடுக்க எனக்கு ஏது வாய்? கெஞ்சினேன். தலையாட்டிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

ஒன்றரை வருஷத்தில் வெள்ளை சிவந்தது, பிறகு புண்ணானது, பிறகு வாயே திறக்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியது நான்தான். தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். கன்னத்தில் கட்டு, பேச முடியவில்லை. இரண்டு விரலைத் தன் மூக்கில் வைத்து, புருவத்தை உயர்த்தி, என்னைக் கேட்டாள்.

"விட்டுட்டேன்" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். லொறி புறப்பட்டது. வளைவில் அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் டப்பாவைத் திறக்கக் குனிந்திருந்தேன்.