பாட்டில் மட்டும் என்னுது

இன்னைக்கு வாழவந்தி போற பஸ்ஸுல என் மானம் போச்சு.

நான் ஒண்டிக்கடை ஸ்டாப்புல இருக்கற மருந்துக்கடையில வேலை பார்க்கறவ. போன வாரம் எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரோட சம்சாரம் வந்து, மூஞ்சிக்குப் பூச ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டாங்க. ரேடியோ மகளிர் நிகழ்ச்சியில கேட்டதைச் சொன்னேன். கிளிசரின், பன்னீர், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கலக்கி வைக்க ஒரு காலிப் பாட்டிலும் குடுத்தேன்.

கிளிசரின் வாங்காம போனப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

இன்னைக்கு பஸ்ஸுல என்னைப் பார்த்ததும் அந்தம்மா மூஞ்சியை மூடியிருந்த முந்தானையை விலக்கிக் காட்டுனாங்க. கன்னம் ரெண்டும் செக்கச் செவேல்னு தடிச்சிருந்துச்சு.

"ஏனுங்க, நீங்க சொன்ன மருந்து நொம்ப எரியுதுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு.

"கிளிசரின் எவ்வளவு ஊத்துனீங்க?"

"அது பிசுபிசுன்னு ஒட்டுமுன்னு தேங்காயெண்ணெய் ஊத்துனனுங்க."

"பன்னீரு?"

"எங்க ஊட்டுக்காரரு ஷேவிங் லோஷன் இருந்துச்சுங்க. அதுவும் வாசமாத்தானுங்களே இருக்குது?"

எலுமிச்சையைப் பத்திக் கேட்கவே பயமா இருந்துச்சு. கேட்டேன்.

"தோட்டத்து ஆரஞ்சுத் தோலைப் பிழிஞ்சுட்டனுங்க. எண்ணெய் மேலயே மிதக்குதுன்னு மத்தால கடைஞ்சும் பார்த்தனுங்க. உங்க மருந்து சேரவே மாட்டேங்குதுங்க."

மூளைக்குப் பதிலாவும் எதையோ வச்சிருக்காங்க போல.

"நான் சொன்னதுல எதைத்தான் போட்டீங்க?"

"பாட்டில் உங்களுதுதானுங்க."

இது போதாதுன்னு, நான் இறங்கறப்ப கண்டக்டர் என்கிட்ட, "பார்த்துக் குடுங்கம்மா"ன்னாரு.

இனி யார் வந்து கேட்டாலும் காலிப் பாட்டில் மட்டும் குடுக்கறதா இருக்கேன். என்ன சொல்றீங்க?